சிம்கோ நல்லவரா, கெட்டவரா? வீட்டுக்குள் வந்த ஒரு கேள்வி

ஓகஸ்ட் மாதத்தின் முதல் திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. ஒன்ராறியோவில் பொதுவாக அதை சிவிக் ஹொலிடே என்பார்கள். ரொறன்ரோவில் மட்டும் அதற்கு சிம்கோ தினம் என்று ஒரு பெயர் உண்டு. ரெக்ஸ்டேலில் இத்தனை வருடம் இருந்தும் அந்தப் பெயரை நான் பொருட்படுத்தியதே இல்லை. நீண்ட வாரவிடுமுறை, பார்க்கில் பாபிகியூ, சொந்தக்காரர் கூடினால் ஊர்க்கதை. அவ்வளவுதான்.

இம்முறை வீட்டில் ஒரு சண்டை. மகளுக்குப் பதின்மூன்று வயது, ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். வரலாற்றுப் பாடத்தில் ஜோன் கிரேவ்ஸ் சிம்கோ என்ற பெயரைப் படித்திருக்கிறாள். அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்த முதல் ஆளுநர், ரொறன்ரோவை அமைத்தவர் என்று அவளுக்குத் தெரியும். மகனுக்குப் பதினேழு. அவன் ‘டர்ன்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவன். அதிலே இதே சிம்கோ ஆட்களைச் சித்திரவதை செய்து இரசிக்கிற கொடியவன்.

“அவன் சைக்கோ” என்கிறான் மகன். “அது டிராமா, இது ஹிஸ்டரி” என்கிறாள் மகள். கடைசியில் இருவரும் என்னிடம் வந்தார்கள். “அப்பா, நீங்கள் சொல்லுங்கோ. சிம்கோ நல்லவரா, கெட்டவரா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “பொறுங்கோ, வாசிச்சுப் போட்டுச் சொல்லுறன்” என்றேன். வாசிக்க வாசிக்க அந்தக் கேள்வி சிம்கோவோடு நிற்கவில்லை. எங்கள் ஊர்வரைக்கும் வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு படை அதிகாரியின் வாழ்க்கை

சிம்கோ 1752 பெப்ரவரி 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தவர். தகப்பன் கடற்படைக் கப்டன். பிரெஞ்சுக்காரரிடமிருந்து கியூபெக்கைப் பிடிக்கப் போன 1759ஆம் ஆண்டுப் படையெடுப்பில், கப்பலிலேயே நோய் வந்து இறந்துபோனார். மகனுக்கு அப்போது ஏழு வயது. பின்னாளில் ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கிற பெரிய ஏரிக்கு அவர் லேக் சிம்கோ என்று பெயர் வைத்தது தன் பெயரை நிலைநாட்ட அல்ல, அந்தத் தகப்பனின் நினைவாக.

ஈட்டனில் பள்ளிப்படிப்பு, பிறகு ஒக்ஸ்போர்ட், 1770இல் இராணுவம். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானிய மன்னருக்கு எதிராகக் கிளம்பியபோது அங்கே அனுப்பப்பட்டார். 1777இல் பிராண்டிவைன் சண்டையில் காயப்பட்டார். அதே ஆண்டு குயின்ஸ் ரேஞ்சர்ஸ் என்ற படைப்பிரிவின் தலைமை அவருக்குக் கிடைத்தது. மன்னர் பக்கம் நின்ற அமெரிக்கர்கள் பலர் இருந்த படை அது. பதுங்கித் தாக்குவதிலும் வேவு பார்ப்பதிலும் கெட்டிக்காரர்கள்.

மகன் சொன்னதிலும் ஒரு பங்கு உண்மை இருக்கத்தான் செய்கிறது. 1778 மார்ச்சில் நியூஜேர்சியில் ஹான்கொக்ஸ் பிரிட்ஜ் என்ற இடத்தில் ஒரு வீட்டில் எதிரணிக் காவலர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். சிம்கோவின் ஆட்கள் இரவோடு இரவாகப் புகுந்து துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தினார்கள். அந்த வீட்டுக்காரர் ஒரு நீதிபதி, மன்னருக்கு விசுவாசமானவர். அவரும் செத்துப்போனார். தொலைக்காட்சித் தொடர் காட்டுகிற சைக்கோ கற்பனைதான். அந்த இரவு கற்பனை அல்ல.

1781இல் யோர்க்டவுனில் பிரித்தானியத் தளபதி கோர்ன்வாலிஸ் சரணடைந்தார். சரணடைந்த படையில் சிம்கோவும் ஒருவர். கோர்ன்வாலிஸ் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் தோற்ற இதே மனிதர்தான் 1786இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாகப் போனார். 1792இல் திப்பு சுல்தானைத் தோற்கடித்து, சேலம், பாராமகால், திண்டுக்கல் பகுதிகளைக் கம்பனிக்கு வாங்கிக் கொடுத்தார். திப்புவின் பிள்ளைகள் இருவரைப் பணயமாகப் பிடித்துக்கொண்டு போனவரும் இவர்தான்.

அந்தக் காலத்துப் பிரித்தானிய அதிகாரிகளுக்கு அமெரிக்காவும் இந்தியாவும் தனித்தனி உலகங்கள் அல்ல. ஒரே கம்பனியின் இரண்டு கிளைகள் மாதிரி. இங்கே தோற்றவருக்கு அங்கே மாற்றம் கிடைக்கும். எங்கள் ஆட்கள் தினமும் பஸ்ஸிலும் ரெயினிலும் கேட்கிற டண்டாஸ் என்ற பெயரை எடுங்கள். ஹென்றி டண்டாஸ் பிரித்தானிய அமைச்சர். இந்தியக் கட்டுப்பாட்டுச் சபையின் தலைவராகவும் இருந்தார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் தீர்மானத்தை 1792இல் ‘படிப்படியாக’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து இழுத்தடித்தவர். அவருடைய பெயரை ஒரு தெருவுக்கு வைத்தவர் சிம்கோ.

ஹம்பர் ஆற்றங்கரையில்

மேல் கனடா, அதாவது இன்றைய ஒன்ராறியோ, 1791இல் தனி மாகாணமாகப் பிரிக்கப்பட்டது. முதல் துணை ஆளுநர் சிம்கோ. 1793 ஜூலை 30 அன்று ரொறன்ரோத் துறைமுகத்தில் வந்திறங்கினார். ஓகஸ்ட் 27 அன்று அந்த இடத்துக்கு யோர்க் என்று புதுப்பெயர் வைத்தார். ரொறன்ரோ என்ற பழைய பெயர் திரும்பி வர 1834வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1793 செப்டெம்பர் கடைசியில், பூர்வகுடி வழிகாட்டிகளோடும் தன் படைவீரர்களோடும் வடக்கே புறப்பட்டார். போன பாதை ஹம்பர் ஆற்றை ஒட்டியது. ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து லேக் சிம்கோவரை, ஓடங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு பூர்வகுடிகள் காலங்காலமாக நடந்த பாதை. கிப்ளிங்கும் அல்பியனும் சந்திக்கிற இடத்தில் சாமான் வாங்குகிற எங்கள் சனத்துக்கு, அந்தப் பாதை ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். அந்தப் பயணத்துக்குப் பிறகு வெட்டப்பட்டதே யங் வீதி. வெட்டியவர்கள் குயின்ஸ் ரேஞ்சர்ஸ் படையினர். எட்டோபிகோக்கின் தெற்கே ஏரிக்கரைப் பக்கம் முதல் காணி வாங்கியவர்களிலும் அந்தப் படைவீரர்கள் இருக்கிறார்கள்.

காணி யாருடையது என்பது வேறு கதை. மிஸ்ஸிசாகா மக்களிடமிருந்து 1787இல் நிலம் வாங்கியதாகச் சொன்னார்கள். பிறகு பார்த்தால் உறுதிப்பத்திரத்தில் எல்லை எதுவும் எழுதப்படவில்லை, வெறும் தாள். இது 1794இலேயே சிம்கோவுக்குத் தெரிவிக்கப்பட்டது. 1805இல் 10 ஷில்லிங் கொடுத்து 250,880 ஏக்கருக்கு மறுபடி உறுதி எழுதினார்கள். ரெக்ஸ்டேலும் அதற்குள் அடக்கம். 2010இல்தான் கனடிய அரசு இந்தக் கோரிக்கைகளைத் தீர்க்க 14 கோடி 50 இலட்சம் டொலர் கொடுத்தது. காணி உறுதியால் அடிபடுகிற சனம் நாங்கள். எல்லை எழுதாத உறுதி என்றால் என்ன என்று எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

குளோயி கூலி கத்திய சத்தம்

இனி மகளின் கட்சிக்கு வருவோம். சிம்கோவின் பெயரை உயர்த்தி வைத்திருப்பது 1793 ஜூலை 9ஆம் தேதிச் சட்டம். பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமை முறையைக் கட்டுப்படுத்திய முதல் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். சிம்கோவுக்கு அடிமை முறையில் வெறுப்பு இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சட்டம் அவருடைய மனதிலிருந்து மட்டும் பிறக்கவில்லை.

1793 மார்ச் 14. நயாகரா ஆற்றங்கரையில் குயின்ஸ்டன். அடம் வ்றூமன் என்பவர் தன் அடிமையான குளோயி கூலி என்ற கறுப்பினப் பெண்ணைக் கட்டி, வள்ளத்தில் போட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் விற்றுவிட்டார். அவள் சும்மா போகவில்லை. திமிறினாள், கத்தினாள், கரை முழுக்கக் கேட்கக் கத்தினாள். அதைப் பார்த்த பீற்றர் மார்ட்டின் என்ற கறுப்பினத்தவர், மன்னர் பக்கம் போரிட்ட முன்னாள் வீரர், ஒரு வாரத்தில் சிம்கோவின் நிர்வாக சபைக்கு முன்னால் போய்ச் சாட்சி சொன்னார்.

வ்றூமன் மேல் வழக்கு நிற்கவில்லை. அடிமை அவருடைய சொத்து, சொத்தை விற்க அவருக்கு உரிமை உண்டு, அதுதான் அன்றைய சட்டம். அந்த ஓட்டையை அடைக்கத்தான் புதுச் சட்டம். சட்டசபையில் 16 பேர். அவர்களில் குறைந்தது 6 பேர் தாங்களே அடிமைகளை வைத்திருந்தவர்கள். ஆகவே பேரம் பேசித்தான் சட்டம் வந்தது. புதிதாக அடிமைகளைக் கொண்டுவர முடியாது. ஏற்கெனவே அடிமையாக இருப்பவர்கள் சாகும்வரை அடிமைகளே. இனிப் பிறக்கிற பிள்ளைகளுக்கு 25 வயதில் விடுதலை. அன்றைக்கு அந்தச் சட்டத்தால் விடுதலையானவர் ஒருவர்கூட இல்லை.

குளோயி கூலிக்கு அதன்பின் என்ன நடந்தது என்பதற்கு ஒரு பதிவும் இல்லை. 2023இல் கனடா அஞ்சல் அவள் நினைவாக முத்திரை வெளியிட்டது. சிம்கோவுக்கோ குயின்ஸ் பார்க்கில் 1903இலேயே சிலை வைத்துவிட்டார்கள்.

மகளுக்கு இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்ப சட்டம் வந்தது அவள் கத்தினபடியால்தானே?” என்றாள். ஓம். அவள் கத்தியதால், அதை ஒருவர் போய்ச் சொன்னதால், அதைக் கேட்கிற இடத்தில் இருந்தவர் காதை மூடிக்கொள்ளாததால். மூன்றும் வேண்டியிருந்தது. அகதி விசாரணையில் தன் கதையைச் சொல்லி இந்த நாட்டுக்குள் வந்த எங்களில் எத்தனை பேருக்கு அது விளங்கும்!

அதே மனிதர், வேறு இடம்

கதை இங்கேயே முடிந்திருந்தால் மகளுக்கு வெற்றி. ஆனால் சிம்கோ 1796இல் உடல்நலம் கெட்டு இங்கிலாந்துக்குத் திரும்பினார். அடுத்த பதவி அவரை அனுப்பியது கரீபியனுக்கு, இன்றைய ஹெய்ட்டிக்கு. அங்கே அடிமைகள் எழுந்து நின்று போராடினார்கள். பிரெஞ்சு அரசு 1794இல் அடிமை முறையை ஒழித்துவிட்டது. பிரித்தானியப் படை பிடித்து வைத்திருந்த பகுதிகளிலோ அடிமைத் தோட்டங்கள் தொடர்ந்தன. 1797இல் சில மாதங்கள் அந்தப் பிரித்தானியப் படையின் தலைவர் சிம்கோ. எதிரே நின்றவர் துசெய்ன் லூவர்த்தூர், ஒருகாலத்தில் தானே அடிமையாக இருந்தவர்.

நயாகராவில் அடிமை முறைக்கு எதிராகக் கையெழுத்திட்ட கை, நான்கு வருடத்தில், விடுதலையடைந்த அடிமைகளுக்கு எதிராக வாள் பிடித்தது. அவருடைய மனது மாறிவிட்டதா? மாறியதாக நான் நினைக்கவில்லை. அவர் கட்டளைக்குக் கீழ்ப்படிகிற படை அதிகாரி. ஒரு மனிதனின் நல்ல மனசாட்சி அவனுடைய உத்தியோகம் அனுமதிக்கிற தூரம்வரைதான் போனது. அதற்கு அப்பால் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1806இல் சிம்கோவுக்கு ஒரு பெரிய பதவி கிடைக்கிறது. இந்தியாவிலுள்ள பிரித்தானியப் படைகளின் பிரதம தளபதி! ஆனால் போகுமுன் அவரை லிஸ்பனுக்கு ஒரு வேலையாக அனுப்பினார்கள். வழியில் நோயாகி, திரும்பி வந்து, 1806 ஒக்டோபர் 26 அன்று எக்ஸெட்டர் நகரில் இறந்தார். வயது 54. டெவன் பகுதியில் அவரைப் புதைத்த வோல்போர்ட் தேவாலயம் இன்றைக்கு ஒன்ராறியோ அரசின் சொத்து.

ரொறன்ரோவை அமைத்தவர் எங்கள் பக்கத்து நாட்டுக்குத் தளபதியாக வரவிருந்தார் என்பதை நான் ஒரு பாடப்புத்தகத்திலும் கண்டதில்லை.

1806ஆம் ஆண்டு

அந்த ஒரு ஆண்டை மட்டும் எடுத்துப் பார்த்தேன்.

1806 பெப்ரவரி. யோர்க்கில், அதாவது ரொறன்ரோவில், பீற்றர் றசல் என்ற பெரிய மனிதர் பத்திரிகையில் விளம்பரம் போடுகிறார். சிம்கோ போன பிறகு மாகாணத்தை நிர்வகித்தவர் இவர். குளோயி கூலிக்காகப் பீற்றர் மார்ட்டின் சாட்சி சொன்ன அன்று சபையில் இருந்தவரும் இவரே. விளம்பரம் என்ன? பெகி என்ற ஏறத்தாழ 40 வயதுப் பெண்ணும், ஜூப்பிட்டர் என்ற அவளுடைய 15 வயது மகனும் விற்பனைக்கு. அந்தப் பையன் 1793ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு வருடம் முந்திப் பிறந்துவிட்டான். அதனால் அவனுக்கு 25 வயதிலும் விடுதலை இல்லை.

1806 ஜூலை 10. வேலூர்க் கோட்டை. நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று கட்டளையிடப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் விடியுமுன் எழுந்தார்கள். திப்புவின் பிள்ளைகள் அப்போது அந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள். வெள்ளையர் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபோது நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவர்கள் சுவரோடு நிறுத்திச் சுடப்பட்டார்கள். விசாரணைக்குப் பிறகு சிலர் பீரங்கி வாயில் கட்டப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் செய்தி போய்ச்சேர மாதக்கணக்கு ஆகும் காலம் அது. வேலூரைப் பற்றி ஒன்றும் அறியாமலேயே சிம்கோ கண்ணை மூடியிருக்கக் கூடும். 2006இல் இந்திய அஞ்சல்துறை வேலூர்ப் புரட்சிக்கும் முத்திரை வெளியிட்டது.

இவ்வளவும் சொன்னபோது மகன் உற்சாகமாகிவிட்டான். “அப்ப அவங்கள் எல்லா இடமும் அநியாயம்தான் செய்திருக்கிறாங்கள்!” எனக்கும் அப்படியே முடித்துவிட ஆசைதான். வெள்ளைக்காரன் கெட்டவன், நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள். வாசகருக்கும் பிடிக்கும், எனக்கும் வசதி.

ஆனால் மகள் விடவில்லை. “அப்பா, எங்கட ஊரில அடிமைகள் இருந்தவையா?”

எங்கட ஊரில

அதே 1806ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் பிரித்தானிய அரசு தேசவழமைக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து, எங்கள் முதலிமார் பன்னிருவர் பார்த்துச் சரி என்று ஏற்றுக்கொண்ட தொகுப்பு அது. சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறோம். அதே தொகுப்பில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. நான்கு சாதியினரைப் பெயர் சொல்லி அடிமைகள் என்று வகுக்கிறது. அவர்களை வைத்திருந்தவர்கள் வெள்ளையர் மட்டுமல்ல, எங்கள் ஆட்கள். வெளியிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்களைப் பற்றிய பேச்சல்ல அது. அடுத்த ஒழுங்கையில் இருந்தவர்கள், எங்கள் மொழியே பேசியவர்கள்.

1834 ஓகஸ்ட் 1 அன்று பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை ஒழிந்தது என்று கனடாவில் இப்போது விடுதலை நாள் கொண்டாடுகிறோம். அந்தச் சட்டத்திலேயே மூன்று விதிவிலக்கு இருந்தது: கிழக்கிந்தியக் கம்பனியின் நிலங்கள், சென்ட் ஹெலனாத் தீவு, இலங்கை. இந்தியாவில் 1843வரை, இலங்கையில் 1844வரை அடிமை முறைக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. மேல் கனடாவில் அரைகுறையாகவேனும் சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழிந்த பிறகுதான் யாழ்ப்பாணத்தில் அது முடிந்தது. முடிந்தது தாளில் மட்டும்.

ஏனென்றால் எனக்கு ஒரு காட்சி நல்ல ஞாபகம். சின்ன வயது. எங்கள் வீட்டு வேலியோரம், பனங்காய் பொறுக்கவும் கிணறு இறைக்கவும் வருகிற ஒரு முதியவர் நிலத்தில் குந்தியிருக்கிறார். தேத்தண்ணி அவருக்குச் சிரட்டையில். எனக்குப் பித்தளை மூக்குப்பேணியில். என்னைவிட ஐம்பது வயது மூத்தவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் என்னை ‘தம்பி’ என்றுகூடச் சொல்லவில்லை, ‘நயினார்’ என்றார். ஆரும் அதைப் பிழை என்று எனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டில் அவரைத் திட்டினவர்களும் இல்லை, அடித்தவர்களும் இல்லை. “நாங்கள் அவையளை நல்லாத்தானே வச்சிருந்தனாங்கள்” என்று இப்போதும் சொல்வார்கள். பீற்றர் றசலின் வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மகளுக்கு இதை எல்லாம் சொன்னேன். சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். சிம்கோவின் வாழ்க்கையில் 1793ஐ மட்டும் வாசித்தால் அவர் விடுதலை வீரர். 1778ஐ மட்டும் எடுத்தால் கொலைகாரர். 1797ஐ மட்டும் எடுத்தால் தோட்ட முதலாளிகளின் காவல்காரர். மூன்றும் அவர்தான். அவரை முழுதாக வாசி என்று பிள்ளையிடம் சொல்கிற தகப்பன், தன் ஊரின் கதையில் மட்டும் வசதியான பக்கத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிட முடியாது.

நாங்கள் இங்கே எங்கள் துன்பங்களுக்கு நினைவு நாள் வைக்கிறோம், வைக்கத்தான் வேண்டும். எங்கள் கதையைக் கேளுங்கள் என்று நகரசபையிடமும் பாராளுமன்றத்திடமும் கேட்கிறோம். கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. ரெக்ஸ்டேலில் எங்கள் பிள்ளைகள் படிக்கிற வகுப்பில் சோமாலியப் பிள்ளை இருக்கிறது, ஜமேய்க்காப் பிள்ளை இருக்கிறது, பஞ்சாபிப் பிள்ளை இருக்கிறது. அடிமைத்தனத்தைப் பற்றிப் பாடம் வரும்போது எங்கள் பிள்ளை அதை அடுத்தவர் வீட்டுக் கதை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அதற்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியப்படுத்த வேண்டியவர்கள் நாங்கள்.

இதற்கு மாநாடு எதுவும் தேவையில்லை. வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். சிரட்டையையும் மூக்குப்பேணியையும் கண்ணால் கண்ட கடைசித் தலைமுறை அவர்கள். சிரட்டையில் குடித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இதே ரொறன்ரோவில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்ல விரும்பினால் நாங்கள் குறுக்கே பேசாமல் கேட்கலாம்.

அன்று பின்னேரம் பிள்ளைகளோடு ஹம்பர் ஆற்றங்கரைக்கு நடந்து போனோம். “அப்ப விடை என்ன? நல்லவரா, கெட்டவரா?” என்று மகன் திரும்பவும் கேட்டான். “அவர் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லு. கேட்கிற ஆள் முடிவெடுக்கட்டும்” என்றேன். அவனுக்கு அது பதிலாகப் படவில்லை.

மகள் கைபேசியை எடுத்தாள். “யாழ்ப்பாணத்தில இப்ப விடிஞ்சிருக்குமே? அப்பம்மாவுக்கு எடுத்து அந்தத் தாத்தாவின்ர பெயர் என்ன எண்டு கேட்கட்டா?”

நான் அந்தப் பெயரை மறந்துவிட்டிருந்தேன். “கேள்” என்றேன்.